சௌமியாவுக்கு வந்த அழைப்பு

அன்பு ஏழுமலை,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இருக்கும்போது ஒன்றைப் பற்றி உன்னிடம் கேட்காமலே இருந்தேன். நீ போன பிறகு இன்னொன்றைப் பற்றி உன் வீட்டில் சொல்லாமல் இருக்கிறேன். இரண்டையும் இன்று எழுதிவிடுகிறேன்.

எழுதச் சொன்னது கோட்டக்குப்பம் ஜாபர். நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் கிடந்தவன் இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, இப்போது எல்லோரையும் ஒன்றுசேர்க்கிறேன் என்று கிளம்பியிருக்கிறான். வரும் கார்த்திகையில் உனக்கு வருஷம் திரும்புகிறது அல்லவா, அதற்கு ஒரு சிறிய நினைவு மலர் போடப் போகிறானாம். "மச்சான், நீதான் ரெண்டு எம்.ஏ. படிச்சவன். நீ எழுதலன்னா வேற எவன் எழுதுவான்? ஏழுமல உன்னப் பத்தியேதான் பேசிக்கினு இருப்பான். ஜல்தி எழுதி அனுப்பு" என்றான். என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருந்தாய் ஏழுமலை? ஜாபரிடம் அதைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

திண்டிவனத்தில் எல்லோரும் உன்னை நல்லவன் என்கிறார்கள். மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்தும் எடையில் கை வைக்காதவன் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நல்லவன் ஒருவன் மேல் கோபம் வைத்திருப்பது எவ்வளவு தனிமையான வேலை என்று அவர்களுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், கேட்பவன் உன் பக்கம்தான் நிற்பான்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் கோயம்புத்தூரில் வேளாண்மைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். ஓமந்தூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு அப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் தபால். அதனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோருமே டவுனில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கொடுப்போம். நான் உன் அப்பாவின் மண்டி முகவரியைக் கொடுத்தேன். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. பிறகு நேரில் வரச்சொல்லி அட்டை வந்தது. அதை நீ என்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது, வரச்சொன்ன நாள் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

நீ சைக்கிளிலிருந்து இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு அட்டையை நீட்டினாய். "கல்லாப் பொட்டிக்குக் கீழ கெடந்துச்சுடா. லோடு வந்த பேஜாருல கவனிக்கல" என்றாய். நான் தேதியைப் பார்த்தேன். நீயும் எட்டிப் பார்த்தாய். "அடடா. செரி வுடு மச்சான். இன்னா இப்ப, ஒலகத்துல வேற படிப்பா இல்ல?" என்று சிரித்தாய்.

வேறு படிப்பு இருந்தது. பக்கத்திலேயே வரலாறு படித்தேன். தபால் வழியில் இன்னும் இரண்டு பட்டங்கள் வாங்கினேன். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது, திண்டிவனத்தில் உன் தெருவுக்கே குடிவந்தேன். முப்பது வருஷமாக அதே ரயில். மற்றவர்களின் நிலத்தைப் பற்றிய கோப்புகளில் குறிப்பு எழுதுகிறேன். நெல்லும் மண்ணும் எனக்குக் காகிதத்தில்தான். நீ மண்டியில் உட்கார்ந்து கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "எங்க ஆபீசரு வந்துட்டாருடா, சேர் போடு" என்று கேலி பேசுவாய். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிடுவேன். என் மனைவி கேட்பாள், "இன்னிக்கு மண்டிக்குப் போனீங்களா?" என்று.

அட்டை வந்த அன்றே நீ அதைப் பார்த்தாயா? நானும் போய்விட்டால் உனக்குப் பேச்சுத் துணை இல்லாமல் போய்விடும் என்று நினைத்தாயா? அல்லது சொன்னபடியே அது சும்மா கிடந்ததா? ஒரு தடவை கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. கேட்டு, சும்மாதான் கிடந்தது என்று தெரிந்துவிட்டால், என்னிடம் என்ன மிச்சம் இருந்திருக்கும்?

போன கார்த்திகையில் மண்டியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன்னைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். அப்போதும் அந்தக் கோபம் என் தோளில்தான் இருந்தது. இது அசிங்கமான பேச்சு, தெரியும். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

இனி நீ அறியாத செய்தி. உன் சௌமியாவும் என் அபிநயாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தது உனக்குத் தெரியும். தேர்வு முடிவு வந்தது. உன் பெண் என் பெண்ணைவிட ஆறு மதிப்பெண் கூட. இரண்டு பேருக்கும் பி.காம்.தான் வேண்டும், இரண்டு பேருக்கும் சேர்ந்தே போக வேண்டும். திண்டிவனத்தில் கிடைக்கவில்லை. விழுப்புரத்து அரசுக் கல்லூரிதான் மிச்சம். தனியார் கல்லூரி என்ற பேச்சே உன் வீட்டில் எழவில்லை. நீ போனதும் மண்டியை வேறு ஆளுக்கு விட்டாயிற்று.

நம் தெருப் பக்கம் பாதிப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுத் தருவது நான்தான் என்று உனக்குத் தெரியும். உன் மல்லிகா சௌமியாவை அழைத்துக்கொண்டு சான்றிதழ் பையோடு வந்தாள். கம்ப்யூட்டரில் கைப்பேசி எண் கேட்கும் இடம் வந்தது. "யாரு நம்பரும்மா போடறது? ஓ.டி.பி. வரும்" என்றேன்.

"உங்க நம்பரே போடுங்கண்ணா. அவரு நம்பரு கட்டாயிடுச்சி. என்னுது எப்ப ரீசார்ஜு தீரும், எப்ப எடுக்கும்னு எனக்கே தெரியாது. உங்ககிட்ட இருந்தா எங்கிட்ட இருக்கற மாதிரி" என்றாள்.

என் எண்ணைப் போட்டேன். இரண்டு பெண்களுக்கும் ஒரே எண். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நாங்கள் கடை முகவரி கொடுத்ததைப் போலத்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவன் எண்ணைக் கொடுப்பது இன்றைக்கும் நம் பக்கத்து வழக்கம்.

தரவரிசை வந்தது. முதல் கலந்தாய்வில் இருவருக்கும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நம் பிரிவில் காத்திருப்போர் பட்டியல் ஒட்டினார்கள்: சௌமியா மூன்று, அபிநயா நான்கு. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கல்லூரிக்கு நடந்து போய் பலகையைப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே என்னைப் போல இருபது முப்பது அப்பன்கள், கையில் பிளாஸ்டிக் ஃபைல், முகத்தில் ஒரே மாதிரியான ஒரு தெம்பு. பிள்ளைகளுக்குத் தெம்பாகக் காட்டிக் காட்டி அது முகத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. வானூரிலிருந்து வரும் கொத்தனார் ஒருவர் என்னைப் பார்த்ததும் கேட்பார்: "சார், உங்குளுது எத்தினி?"

"நாலு."

"நாலா. அப்ப வந்துரும். எம் பொண்ணுக்குப் பதினேழு. நான் எதுக்கு வந்துகினு இருக்கேன்னு எனக்கே தெரியல. ஊட்ல இருந்தா அது மூஞ்சியப் பாக்க முடியல, அதான் வர்றேன்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அபிநயா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுவாள். "வந்துடும்மா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அவள் ஒருநாள் சொன்னாள், "எனக்கு வராதுப்பா. சௌமிக்கு வந்துரும். அவளுக்காவது வரட்டும்." அந்த ‘அவளுக்காவது’ எனக்குள் எங்கேயோ குத்தியது. என் பெண்ணும் பட்டியலில் நின்று மற்றவர்களுக்கு வழிவிடத்தான் பிறந்தாளா என்று தோன்றியது.

ஆடி பிறந்த வாரம், ஒரு மத்தியானம், அலுவலகத்தில் இருக்கும்போது அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். "சார், காலேஜ்லருந்து பேசறோம். சௌமியா அப்பாங்களா?"

"ஆமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். விளக்கம் சொல்ல நேரமில்லாமல் சொன்னதுதான். அந்த நொடியில் அதில் கள்ளம் இல்லை. கள்ளம் அதற்கு அடுத்த நொடியில் வந்தது. "ஒரு சீட்டு வேகன்ட் ஆயிருக்கு சார். நாளைக்கு ஒரு மணிக்குள்ள பொண்ண இட்டுகினு ஒரிஜினலோட வந்துருங்க. வரலன்னா அடுத்த நம்பருக்குக் குடுத்துருவோம்" என்றாள். சரி என்று சொல்லி வைத்தேன். உடனே மல்லிகாவைக் கூப்பிட எண்ணை எடுத்தேன். எடுத்தவன் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த நம்பர் என் மகள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டு பெண்களும் கூடத்தில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சௌமியா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "மாமா, இன்னிக்கும் ஒண்ணும் அப்டேட் ஆவல மாமா. போர்டுல எதனா போட்டிருந்தாங்களா?" என்றாள். சிரிக்கும்போது உன் வாய்தான் அவளுக்கு. இல்லை என்று தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் மல்லிகா அவளை அழைத்துப்போக வந்தாள். வாசலிலிருந்தே கேட்டாள், "போன் எதனா வந்துச்சாண்ணா?"

"இல்லம்மா" என்றேன்.

மறுநாள் மணி ஒன்று இருபதுக்கு அதே குரல். "அபிநயா அப்பாங்களா?" என்றது. ஆமாம் என்றேன். "என்னா சார், ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா இருக்குது?" என்றாள். தெரிந்த பெண்தான், விண்ணப்பம் நான்தான் போட்டேன், அவர்கள் வேறு எங்கோ சேர்ந்துவிட்டார்கள் என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது பொய். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்த நாக்கு.

யாருக்காகச் செய்தேன் ஏழுமலை? என் மகளுக்காகவா, உனக்காகவா? மகளுக்காக என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்குச் சம்பளம் வருகிறது. கடன் வாங்கியாவது அவளைத் தனியாரில் சேர்த்திருக்க முடியும். மல்லிகாவுக்கு அந்த வழி இல்லை. இது தெரிந்தேதான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்க்கும்போது சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி நீ சிரித்த முகம் கண்ணில் வந்ததா என்று கேட்டால், வந்தது. நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, மறந்ததாகச் சொல்லவும் முடியாது. உன்னுடையது கவனக்குறைவு என்றால் என்னுடையதற்கு என்ன பெயர்?

இப்போது என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் அபிநயாவும் நானும் ஒரே ரயிலில் விழுப்புரம் போகிறோம். எதிரெதிர் இருக்கை. சேர்ந்த முதல் மாதம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். ஒருநாள் பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது கேட்டாள்: "அப்பா, சௌமி எனக்கு முன்னாடி நம்பரு. அவளுக்கு வராம எனக்கு எப்படி வந்துச்சு?"

"அவளோட இடஒதுக்கீட்டு ரோஸ்டர் வேறம்மா."

"ரெண்டு பேரும் ஒரே லிஸ்ட்டுப்பா. நானே பாத்தேனே."

நான் செய்தித்தாளை விரித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு கேட்கவில்லை. கேட்காதவளோடு தினமும் முக்கால் மணி நேரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? இறங்கவும் முடியாது. வேறு பெட்டிக்குப் போனால் ஏன் என்று கேட்பாள். கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் இருக்கிறது.

கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிட்டது. இனி அபிநயா விலகினால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும், உன் பெண்ணுக்குப் போகாது. விசாரித்துவிட்டேன். சொன்னால் என் வீடும் உடையும், உன் வீட்டுக்கும் லாபமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று மூன்று மாதமாக வக்கீல் மாதிரி எனக்குள்ளேயே வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மல்லிகா வந்தாள். சௌமியா இப்போது பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. மல்லிகா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். "நீங்க எவ்ளோ அலைஞ்சீங்க எங்களுக்காக. நம்ம நேரம் அப்படி, வுடுங்க. எங்க அண்ணன் ஒரு எடம் சொல்றாருண்ணா. பையன் செய்யாறுல லாரி வச்சிருக்கான். தையில இவளுக்குப் பதினெட்டு முடியுது, முடிச்சிரலாங்கறாரு. இவ அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்றேன்னு அழுவுறா. அண்ணன் சொல்றாரு, ஒரு சீட்டுகூட கெடைக்கல, படிப்பு வராதுன்னு அதுவே காட்டிடுச்சி, இன்னும் எதுக்கு இழுத்துகினுன்னு. நீங்க படிச்சவரு. அவரு இருந்தா உங்களத்தான் கேப்பாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அப்படியே செய்யறேன்."

என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். உள்ளறையில் அபிநயா புத்தகத்தைப் புரட்டும் சத்தம் நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "ஐப்பசி முடியறதுக்குள்ள சொல்லுங்கண்ணா. அவங்க பாக்க வர்றாங்க" என்று காப்பியைக் குடித்து டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அன்றோடு என் வக்கீல் பேச்சு நின்றுபோனது. சீட்டு கிடைக்கவில்லை என்ற ஒன்றின் மேல் நின்றுதான் உன் மச்சினர் பேசுகிறார். சீட்டு கிடைத்தது. வேலை மெனக்கெட்டு போன் பண்ணிக் கூப்பிட்டார்கள். இதை மல்லிகாவிடம் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தை இதுதான். வேறு எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது இரண்டாவது முறை செய்வது.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு, சௌமியா பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள், உன் வீட்டுக்குப் போவேன். அபிநயாவையும் கூட்டிக்கொண்டு போவேன். அவளுக்குத் தனியாக ஒரு கதை, உன் வீட்டுக்குத் தனியாக ஒரு கதை என்று இனி வேண்டாம். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன்னிடம் நான் இவ்வளவு வருஷம் எதிர்பார்த்ததும் மன்னிப்பு அல்ல. இப்படித்தான் நடந்தது என்று நீயே வந்து சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அதை மட்டும் உன் மகளுக்குச் செய்கிறேன். அடுத்த வருஷ விண்ணப்பத்தை அவளே போடட்டும், அவள் எண்ணிலேயே.

அதன் பிறகு மல்லிகா என்னைப் படியேற விடமாட்டாள். அபிநயா கல்லூரிக்குப் போவாளா, எங்களோடு பேசுவாளா என்று தெரியவில்லை. உன் மேல் எனக்குள்ள கோபமும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைவு மலரில் எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய்.

ஜாபர் எல்லோருக்கும் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பியிருக்கிறான். கடிதத்தின் முடிவில் உனக்கு என்ன உறவு என்று எழுதி, கீழே பெயரும் ஊரும் போட வேண்டுமாம். ‘உன் நண்பன்’ என்று எழுதினேன். அடித்தேன். ‘உன் வகுப்புத் தோழன்’ என்று எழுதினேன். அது ஏதோ வழியில் பார்த்தவன் எழுதியது போல இருந்தது, அதையும் அடித்தேன். பெயரை மட்டும் போடலாம் என்றால், மலரைப் படிப்பவர்கள் அப்புறம் ரயிலில் அபிநயாவைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. இதில் அவள் பெயரைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உன் வீட்டில் இருப்பவர்களுக்கு என் பெயர் தேவையுமில்லை. நாளைக் காலை என் வாயாலேயே கேட்டிருப்பார்கள்.

நான் உனக்கு யார் என்பதை அதற்குப் பிறகு அவர்கள் முடிவு செய்யட்டும். உன் வீட்டுப் படியை விட்டு இறங்கியதும், இதை இப்படியே, பெயர் போடாமல் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.